இரண்டு இன்டர்நெட் இருந்தும் ஆம்புலன்ஸ் நம்பர் 50 நிமிடம் ஊமை: எங்கே தவறினோம்?

காவிரிக்கரை | வியாழன், இரவு 10.20

வணக்கம். ஈரோடு பக்கம் 90 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர், போன் இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எங்கே தவறு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்களிடம் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் ஐ.பி. பி.பி.எக்ஸ். (கட்டடத்துக்குள் இருக்கும் போன்களை இணைக்கும் பெட்டி) ஒன்று, 140 எக்ஸ்டென்ஷன். பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு எல்லாவற்றிலும் அச்சிட்டிருக்கும் மெயின் நம்பர் ஒரு கம்பெனியின் சிப் ட்ரங்க்கில் (நெட்வொர்க் வழியாகப் போன் அழைப்புகளைக் கொண்டுவரும் இணைப்பு) வருகிறது, 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்பு. அது அவர்களுடைய ஃபைபரில் வருகிறது. முதல் இன்டர்நெட்டும் அதே ஃபைபரில்தான். இரண்டாவதாக வேறு கம்பெனியின் பிராட்பேண்ட் வைத்திருக்கிறோம். ஆம்புலன்சுக்குத் தனி நம்பர். அது இன்டர்நெட் வழியாக ரிஜிஸ்டர் ஆகும் (எந்த முகவரியில் இருக்கிறோம் என்று பி.பி.எக்ஸ். அவ்வப்போது சொல்லிவைக்கும்) இன்னொரு சேவையில் இருக்கிறது.

காலை 10.05க்கு ரோட்டில் பொக்லைன் தோண்டும்போது ஃபைபர் அறுந்தது. 15 விநாடியில் ரவுட்டர் இரண்டாவது லைனுக்கு மாறிவிட்டது. பில்லிங் கவுன்ட்டரில் யாருக்கும் தெரியக்கூட இல்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். 10.25க்கு ஒருவர் ஓடி வந்து, "20 நிமிஷமாக் கூப்பிடறேன், ரெண்டு நம்பருமே போகலைங்க" என்றார். அவர் மனைவிக்குப் பிரசவ வலி. பக்கத்து வீட்டு வேனில் கூட்டி வந்திருந்தார். தாயும் குழந்தையும் நலம். ஆனால் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

மெயின் நம்பர் ஃபைபரைச் சேர்க்கும்வரை, அதாவது மதியம் 2.30 வரை வரவே இல்லை. ஆம்புலன்ஸ் நம்பர் இன்டர்நெட்டில் ஓடுவது, இன்டர்நெட் இருந்தது, ஆனாலும் 10.55க்கு ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. வந்த பிறகும் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச் | வியாழன், இரவு 11.05

தம்பி, முதலில் மெயின் நம்பரை எடுத்துக்கொள்வோம். 31 வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இன்டர்நெட்டுக்கு இரண்டு வழி போட்டதும் போனுக்கும் இரண்டு வழி வந்துவிட்டது என்று நினைப்பது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு.

உங்கள் நம்பர் உங்கள் கட்டடத்தில் இல்லை. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் பி.பி.எக்ஸ்.க்கு வரும் ட்ரங்க், நம் ஊரில் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த ஃபைபரில், அவர்கள் கொடுத்த ஒரு குறிப்பிட்ட ஐ.பி. முகவரியை நம்பி வருகிறது. அந்த முகவரிக்கு அந்தக் கம்பி ஒன்றுதான் வழி. கம்பி அறுந்தால் முகவரியும் போனது. நீங்கள் வேறு கம்பெனி பிராட்பேண்டில் எத்தனை வேகம் வைத்திருந்தாலும் அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்சுக்கு அது தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் ரவுட்டரில் இல்லை, அவர்களிடம். "எங்கள் ட்ரங்க் எட்டாமல் போனால் வரும் போன் கால்களை எங்கே அனுப்புவீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு பதில் வரலாம். ஒன்று, வேறு பாதையில் இன்னொரு ஃபைபர், வேறு எக்ஸ்சேஞ்சிலிருந்து, விலை அதிகம். இன்னொன்று, ட்ரங்க் பதில் சொல்லாதபோது கால்களை நீங்கள் கொடுக்கும் வேறு நம்பருக்குத் திருப்பிவிடுவது. அந்த வேறு நம்பர் வேறு கம்பெனியில் இருக்க வேண்டும்.

சிலர் பி.ஆர்.ஐ. (பல அழைப்புகளை ஒரே கம்பியில் கொண்டுவரும் பழைய வகை டிஜிட்டல் லைன்) வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நல்ல சாதனம்தான்: 2.048 எம்.பி.பி.எஸ்., 32 பிரிவு, அதில் 30 பேச்சுக்கு. ஆனால் இப்போது அதுவும் பல இடங்களில் அதே ஃபைபரில் வந்து, உங்கள் கட்டடத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டியிலிருந்துதான் செம்புக் கம்பியாக வெளியே வருகிறது. கம்பியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், பெட்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

காவிரிக்கரை | வியாழன், இரவு 11.30

சார், மிக்க நன்றி. இது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விற்றவர் "ஃபெயில் ஓவர் (ஒரு லைன் போனால் மற்றதற்குத் தானாக மாறுவது) இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளையே எழுத்தில் கேட்கிறேன். ஆம்புலன்ஸ் நம்பர்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது இன்டர்நெட் வழிதானே?

மலர் | வெள்ளி, காலை 7.45

அதற்கு நான் பதில் சொல்கிறேன். கோயம்புத்தூரில் கால் சென்டர் நெட்வொர்க் பார்க்கிறேன். இதே சிக்கலோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

உங்கள் பி.பி.எக்ஸ். உள்ளே இருக்கிறது, வெளியே போகும் ஒவ்வொரு உரையாடலுக்கும் ரவுட்டர் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். "இந்தப் பெட்டி, இந்த போர்ட் எண்ணிலிருந்து, அந்தச் சேவைக்குப் பேசுகிறது, வெளியே போகும்போது முதல் லைனின் முகவரியைப் போட்டு அனுப்பு" என்று. சிப் செய்திகள் பெரும்பாலும் யு.டி.பி.யில் (இணைப்பு திறக்காமல் நேரடியாகப் பாக்கெட் அனுப்பும் முறை), 5060 போர்ட்டில் போகின்றன. லினக்ஸ் ரவுட்டர்களில் இரு பக்கமும் பேசிய யு.டி.பி. உரையாடலின் குறிப்பு வழக்கமாக 120 விநாடி உயிரோடு இருக்கும். பழைய லினக்ஸ் பதிப்புகளில் 180. அதற்குள் ஒரு பாக்கெட் போனாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இப்போது பி.பி.எக்ஸ். என்ன செய்கிறது? லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 60 விநாடிக்கு ஒருமுறை எதிர்ப்பக்கத்துக்கு ஒரு ஆப்ஷன்ஸ் செய்தி அனுப்புகிறது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது. இந்தச் செய்திகள்தான் பழைய குறிப்பைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன! பாதை இரண்டாவது லைனுக்கு மாறிவிட்டது, ஆனால் பாக்கெட்டின் மேல் ஒட்டியிருக்கும் அனுப்புநர் முகவரி முதல் லைனுடையது. இரண்டாவது கம்பெனி அதைக் கீழே போட்டுவிடும், அல்லது பதில் அறுந்த ஃபைபருக்குப் போகும். லைன் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமே லைனைக் கட்டிப் போட்டுவிடுகிறது. நீங்கள் ரவுட்டரை அணைத்ததும் குறிப்புகள் அழிந்தன. அதனால்தான் உடனே வந்தது.

கம்ப்யூட்டர்களுக்கு ஏன் இது வரவில்லை என்றால், பழைய இணைப்பு பதில் சொல்லாவிட்டால் பிரவுசர் புது இணைப்பு திறக்கிறது. புது இணைப்புக்குப் புதுக் குறிப்பு.

சிலர் "கேபிளைப் பிடுங்கிச் சோதித்தேன், சரியாக மாறியதே" என்பார்கள். ரவுட்டரில் சொருகியிருக்கும் கேபிளைப் பிடுங்கினால் இன்டர்ஃபேஸே (அந்த இணைப்பு வாயே) விழுந்துவிடும். மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்கள் அப்போது மாஸ்கரேடு (அனுப்புநர் முகவரியை மாற்றும்) குறிப்புகளைத் தாமே அழித்துவிடும். ஆனால் பொக்லைன் அறுப்பது ரோட்டில். உங்கள் ஓ.என்.டி. பெட்டியும் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) ரவுட்டரும் பேசிக்கொண்டே இருக்கும், இன்டர்ஃபேஸ் விழாது, குறிப்பும் அழியாது. ஆகவே ஓ.என்.டி.யின் ஃபைபர் பக்கத்தைக் கழற்றிச் சோதியுங்கள்.

தீர்வு சின்னதுதான். பாதை மாறும்போது ஓடும் ஸ்கிரிப்டில், சிப் சேவையின் முகவரிக்கான குறிப்புகளை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். திரும்பி முதல் லைனுக்கு வரும்போதும் அதையே செய்ய வேண்டும். பலர் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். ரிஜிஸ்டர் காலம் 3600 விநாடி என்று இருந்தால் 120 அல்லது 300க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் பாதை சரியாகியும் சேவைக்காரர் ஒரு மணி நேரம் பழைய முகவரிக்கே கால்களை அனுப்பிக்கொண்டிருப்பார்.

ஒருபக்கம் மட்டும் கேட்டதற்குக் காரணம் வேறு. கால் தொடங்கும்போது பி.பி.எக்ஸ். "என் குரல் முகவரி இது, இங்கே அனுப்பு" என்று எழுதி அனுப்புகிறது. உங்கள் செட்டிங்கில் முதல் லைனின் நிலையான முகவரியை வெளி முகவரியாக அடித்து வைத்திருப்பீர்கள். இரண்டாவது லைனில் போகும்போதும் அதையே எழுதி அனுப்பும். உங்கள் குரல் அவர்களுக்குப் போய்ச் சேரும், அவர்கள் குரல் அறுந்த ஃபைபருக்குப் போகும். பாருங்கள், சரிதானா?

காவிரிக்கரை | வெள்ளி, மதியம் 1.10

அக்கா, வெளி முகவரி அப்படியேதான் இருக்கிறது! முதல் லைன் முகவரிதான் அடித்திருக்கிறது. இதை எப்படி மாற்றுவது? இரண்டாவது லைனில் முகவரி நிலையாக இல்லை, மாறிக்கொண்டே இருக்கிறது.

மலர் | வெள்ளி, மதியம் 1.40

முதலில் சேவைக்காரரிடம் கேளுங்கள், குரல் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும் வசதி அவர்கள் பக்கம் இருக்கிறதா என்று. பலரிடம் இருக்கும், போடச் சொன்னால் போடுவார்கள். அதோடு இந்தச் சிக்கல் தீர்ந்தது. இல்லை என்றால், இரண்டாவது லைனுக்கும் நிலையான முகவரி வாங்கி, லைனுக்கு ஒரு ட்ரங்க் என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு ட்ரங்க்கும் தன் வெளி முகவரியோடு எப்போதும் ரிஜிஸ்டர் ஆகியே இருக்கட்டும். மாறும் வேலையே இல்லாமல் போகும். எனக்குப் பிடித்த முறை இதுதான். தேவை வரும்போது எழுப்பப்படும் லைனைவிட எப்போதும் விழித்திருக்கும் லைன் நம்பகமானது.

ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று செய்திக்குள் கை வைத்து முகவரிகளைக் குழப்பிவிடும்.

சிக்கனம் | வெள்ளி, மாலை 6.15

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் அலுவலகத்தில் 12 பேர். இரண்டு ட்ரங்க், இரண்டு நிலையான முகவரி, ஸ்கிரிப்ட் எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையில்லாத செலவு. லைன் எட்டாவிட்டால் கால் ஒரு மொபைலுக்குப் போகட்டும், அவ்வளவுதான். மூன்று வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறோம். நிறையப் பாகங்கள் சேர்த்தால் நிறையப் பாகங்கள் கெட்டுப்போகும்.

பழைய எக்ஸ்சேஞ்ச் | வெள்ளி, இரவு 8.00

12 பேர் அலுவலகத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒரு மொபைல் ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் எடுக்கும். காலை 10 மணிக்கு மருத்துவமனைக்கு ஒரே நேரத்தில் எட்டுப் பத்துக் கால் வரும். ஒருவர் பேசும்போது மற்றவர்களுக்கு பிஸி. குறைந்தது நாலைந்து நம்பரில் வரிசையாகத் தேடிப் போகும் ஹன்டிங் வேண்டும்.

வேளச்சேரி செல்வி | வெள்ளி, இரவு 9.25

நான் கேட்க வேண்டும் என்று நினைத்தது வேறு. உங்கள் இரண்டு லைனும் தெருவில் எந்தப் பக்கம் வருகின்றன என்று நடந்து பார்த்தீர்களா?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். நான் அப்போது சென்னையில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தேன். இரண்டு கம்பெனி, இரண்டு ஃபைபர், இரண்டு பில். எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். மரம் ஒன்று எங்கள் தெருமுனைக் கம்பத்தின் மேல் விழுந்தது. இரண்டும் ஒரே நொடியில் போயின. இரண்டு கம்பெனிக்கும் கடைசி அரைக் கிலோமீட்டரை இழுத்துத் தந்தவர் ஒரே உள்ளூர் கேபிள்காரர். இரண்டு கேபிளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒரே கம்பத்தில் தொங்கவிட்டிருந்தார்.

அதன் பிறகு நான் எங்கே வேலைக்குப் போனாலும் முதல் வாரத்தில் கேபிள் பின்னால் நடக்கிறேன். கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலிருந்து தெருமுனை வரை. ஒன்று தரைக்கு அடியில், இன்னொன்று மேலே என்றால் நல்லது. இரண்டும் ஒரே பள்ளத்தில் என்றால் உங்களிடம் இருப்பது ஒரு லைன்தான், இரண்டு பில். காற்றில் வரும் இணைப்பு ஒன்று, மொட்டைமாடி ரேடியோவோ 4ஜியோ, கட்டாயம் வேண்டும். ஆனால் 4ஜியில் பெரும்பாலும் சொந்த வெளி முகவரி கிடைக்காது, பல பேருக்கு ஒரே முகவரி. ஆகவே முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் ட்ரங்க் அதில் ஓடாது. ரிஜிஸ்டர் ஆகும் ட்ரங்க் ஓடும்.

ஸ்கார்பரோ | சனி, காலை 6.50

செல்வி அக்கா சொன்னது தெருவில். அதுவே ஒரு நாடு அளவில் நடந்ததை இங்கே கனடாவில் பார்த்தோம். 2022 ஜூலை 8, ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு கம்பெனி. ஒரு மாற்றம் செய்யும்போது ஒரு ரவுட்டரில் வடிகட்டி ஒன்றை நீக்கிவிட்டார்கள். பாதைத் தகவல் வெள்ளம்போல் மையத்துக்குள் பாய்ந்து மைய ரவுட்டர்கள் திணறி நின்றன. 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். மொபைலும் வீட்டு இன்டர்நெட்டும் ஒரே மையத்தில் ஓடியதால் இரண்டும் ஒன்றாகப் போயின. பலருக்கு அவசர உதவி எண் 911க்கே கூப்பிட முடியவில்லை. கடைகளில் இன்டராக் டெபிட் அட்டை நாடு முழுக்க நின்றது. அதன் பிறகுதான் இன்டராக் இன்னொரு கம்பெனியையும் சேர்த்துக்கொண்டது.

எனக்கு அதில் மறக்க முடியாதது, பழுது பார்க்க வேண்டிய ஊழியர்களாலேயே ரவுட்டர்களுக்குள் போக முடியவில்லை. நிர்வாகத்துக்கான வழியும் அதே மையத்தை நம்பி இருந்தது. தம்பி, உங்கள் மருத்துவமனையில் லைன் போனால் உங்களுக்கு எச்சரிக்கை எந்த வழியில் வரும்? அதே லைனிலா?

காவிரிக்கரை | சனி, காலை 9.15

அண்ணா, எச்சரிக்கையே இல்லை. அதுதான் உண்மை. இன்று ரவுட்டரின் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். போன மாதம் ஆறு நாள் முழுக்க இரண்டாவது லைனில்தான் ஓடியிருக்கிறோம், எனக்குத் தெரியாது. அந்த ஆறு நாளில் இரண்டாவதும் போயிருந்தால்?

கேபிள் பின்னால் நடந்தும் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரை வேறு வேறு பாதை. கடைசி 80 மீட்டர் ஒரே குழாய்.

கரூர் தறி | சனி, மாலை 4.30

உள்ளே இருக்கும் நெட்வொர்க்கையும் பாருங்கள். எங்கள் மில்லில் அலுவலக சுவிட்சுக்கும் தறிக்கூட சுவிட்சுக்கும் நடுவே ஒரே கேபிள். எலி கடித்தால் என்ன ஆவது என்று பாதுகாப்புக்காக இரண்டாவது கேபிள் போட்டேன். சொருகிய பத்தே விநாடியில் எல்லா போனும் செத்தது. இரண்டு பக்கமும் சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ (வட்டப் பாதை உருவாகாமல் தடுக்கும் வசதி, எஸ்.டி.பி.) அணைந்திருந்தது. ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் வட்டம் அடித்து, வட்டம் அடித்து, எல்லாவற்றையும் நிரப்பிவிட்டது. ஆர்.எஸ்.டி.பி. (அதன் வேகமான வகை) போட்ட பிறகு இப்போது ஒரு கேபிள் போனால் அழைப்பில் இருப்பவருக்கு ஒரு சின்ன விக்கல்தான் தெரிகிறது. பழைய எஸ்.டி.பி. என்றால் 30 முதல் 50 விநாடி ஆகும். அதற்குள் பேசுபவர் வைத்துவிடுவார்.

மலர் | சனி, இரவு 8.10

இரண்டாவது லைனுக்கு மாறும்போது மருத்துவமனை முழுவதும் அதில் ஏறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஜி.711 என்ற குரல் முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 87 கே.பி.பி.எஸ். 30 அழைப்பு என்றாலும் 2.6 எம்.பி.பி.எஸ்.தான், எந்த பிராட்பேண்டும் தாங்கும். ஆனால் ஸ்கேன் அறையிலிருந்து ஒரு சி.டி. படம் வெளியே போகத் தொடங்கினால் அப்லோடு முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும், குரல் வெட்டி வெட்டி வரும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். 4ஜியில் ஓடும்போது குரலையும் ஆம்புலன்ஸ் ஆப்பையும் தவிர மற்றதை நிறுத்திவிடுங்கள். பில்லிங் பொறுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், முதல் லைன் வந்தவுடனே திரும்பாதீர்கள். ஃபைபர் சேர்ப்பவர் இரண்டு மூன்று முறை போட்டுக் கழற்றிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் ஓடும் அழைப்புகள் அறுபடும். பத்து நிமிடம் நிலையாக இருந்த பிறகு திரும்பட்டும்.

பழைய எக்ஸ்சேஞ்ச் | ஞாயிறு, காலை 8.40

ஓ.என்.டி. எந்த யு.பி.எஸ்.சில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? பழைய செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். ஊரில் கரன்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும். இன்று லேண்ட்லைன் என்று தருவதும் பெரும்பாலும் ஃபைபர்தான். உங்கள் பக்கத்தில் கரன்ட் போனால் ஓ.என்.டி. அணையும், போனும் அணையும். பி.பி.எக்ஸ். பெரிய யு.பி.எஸ்.சில் இருக்கும், ஓ.என்.டி. மட்டும் வாட்ச்மேன் அறைச் சுவரில் சாதாரண பிளக்கில் தொங்கும். இதைப் பல இடத்தில் பார்த்துவிட்டேன்.

காவிரிக்கரை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 7.30

எல்லோருக்கும் நன்றி. செய்து முடித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஓ.என்.டி. சார் சொன்னபடியே சாதாரண பிளக்கில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். கடைசி 80 மீட்டர் ஒரே குழாய் என்பதை மாற்ற முடியவில்லை, ரோடு தோண்ட அனுமதி வேண்டும். அதற்குப் பதில் மொட்டைமாடியில் 4ஜி ரவுட்டர் ஒன்று வைத்து, ஆம்புலன்ஸ் நம்பருக்கு அதில் தனி ட்ரங்க் போட்டேன். சேவைக்காரர் தன் பக்கம் குரலை வந்த வழியே திருப்பிவிடும் வசதியைப் போட்டுத் தந்தார். அது எப்போதும் ரிஜிஸ்டர் ஆகியே இருக்கிறது. தினமும் காலை 5 மணிக்கு பி.பி.எக்ஸ். தானாக அந்த வழியில் ஒரு கால் போட்டு, என் மொபைலை அடிக்கிறது. அடிக்காத நாளில் நான் எழுந்து பார்க்க வேண்டும். மெயின் நம்பருக்கு, ட்ரங்க் எட்டாவிட்டால் வேறு கம்பெனியின் ஐந்து நம்பருக்குத் திருப்பும் வசதி வாங்கினோம். லைன் மாறினால் எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்.சில் வருகிறது, இன்டர்நெட்டை நம்பவில்லை.

இன்று காலை 6 மணிக்கு, தலைமை நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஓ.என்.டி.யின் ஃபைபரைக் கழற்றினேன். மலர் அக்கா சொன்ன பக்கத்தை. ஆம்புலன்ஸ் நம்பருக்கு என் மொபைலிலிருந்து கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள், இரு பக்கமும் தெளிவாகக் கேட்டது. மெயின் நம்பருக்குக் கூப்பிட்டபோது முதல் நான்கு நம்பரும் சரி. ஐந்தாவது நம்பர் எங்கேயோ அடித்து, தூக்கக் கலக்கத்தில் ஒரு பெரியவர் எடுத்தார். படிவத்தில் கடைசி இரண்டு எண்ணை நான் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திருத்தப் படிவம் எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடி கழற்றிப் பார்க்கிறேன்.